கல்லாவில் விழுந்த பணமும் விற்ற தொகையும்

திண்டுக்கல் மாவட்டத்தின் ஒரு சிறிய ஊரிலிருந்து வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதமும், தம் கணக்கு நோட்டின் ஏழு பக்கங்களின் படங்களும், தீபாவளிக்கு முந்தைய மாதத்து வங்கிக் கணக்கு நகலும் அனுப்பியிருக்கிறார். கணவரும் அவரும் சேர்ந்து ஒன்பது ஆண்டுகளாக எலக்ட்ரானிக்ஸ் கடை நடத்துகிறார்கள். டி.வி., மிக்ஸி, மின்விசிறி, செல்போன், சார்ஜர், கவர் எல்லாம் விற்கிறார்கள். மாத விற்பனை ஏறக்குறைய ஆறரை லட்சம் ரூபாய். ஜி.எஸ்.டி. பதிவு உண்டு, மாதந்தோறும் ஐந்தாம் தேதி வாக்கில் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பில்களை வாங்கிச் செல்கிறார்.

நோட்டு எழுதுபவர் வாசகிதான். "நான் எழுதுவது கணக்கா, வெறும் வரவு செலவுக் குறிப்பா?" என்பது அவருடைய முதல் கேள்வி. இ.எம்.ஐ.யில் போன் விற்றால் வங்கிக்குக் குறைந்த தொகையே வருகிறதே, எதை விற்பனை என்று எழுதுவது, பழைய டி.வி.யை எடுத்துக்கொண்டு புதியது கொடுத்தால் எப்படி எழுதுவது. டிஸ்ட்ரிபியூட்டர் ஸ்கீமில் இலவசமாக வரும் பொருளுக்கு விலையே இல்லையே, அதை எங்கே சேர்ப்பது என்று அடுத்தடுத்துக் கேட்கிறார். கடைசியில் இப்படி எழுதியிருக்கிறார்: "தீபாவளிக்கு முந்தைய மாதம் 41,000 ரூபாய் லாபம் என்று ஆடிட்டர் சொன்னார். அந்த மாதக் கடைசியில்தான் கடை வாடகைக்குப் பணமில்லாமல் என் வளையலை அடகு வைத்தோம். அந்த லாபம் எங்கே போனது?" கணக்கு என்பது வரிக்காக, அதை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்பது கணவரின் கருத்து. வரியைக் குறைக்க, மொத்த விற்பனையில் சிறு சதவீதத்தை மட்டும் ஜி.எஸ்.டி.யாகக் கட்டும் காம்பொசிஷன் முறைக்கு மாறலாமா என்றும் அவர் யோசிக்கிறாராம்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். ஒரு நாள்கூட விடுபடவில்லை. ஒவ்வொரு இரவும் கல்லாவை எண்ணி இருப்புக் கட்டியிருக்கிறீர்கள். இது ரொக்க ஏடு, அதிலும் நல்ல ரொக்க ஏடு. ஆனால் கடையில் நடப்பதில் பணம் கைமாறும் நிகழ்ச்சிகளை மட்டுமே அது பிடிக்கிறது. கடனுக்குச் சரக்கு வந்தது, கடனுக்கு விற்றது, ஸ்கீமில் வந்தது, வீட்டுக்கு எடுத்துப் போனது ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை. நீங்கள் கேட்ட கேள்விகள் அனைத்தும் இந்த ஒரு குறையிலிருந்தே கிளைத்தவை.

கணக்கு வரிக்காக என்ற உங்கள் கணவரின் எண்ணத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல கடைகளில் இதுவே நிலைத்த நம்பிக்கையாக இருக்கிறது. ஆடிட்டர் தமக்குக் கொடுக்கப்பட்ட தாள்களிலிருந்துதான் கணக்குத் தயாரிக்கிறார். கொடுக்கப்படாததை அவர் அறிய வழியில்லை. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 35ஆம் பிரிவு கொள்முதல், விற்பனை, சரக்கிருப்பு, உள்ளீட்டு வரி (கொள்முதலில் கொடுத்து, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வரி), செலுத்திய வரி ஆகியவற்றின் கணக்கை வைத்திருக்கும் கடமையைப் பதிவு பெற்ற வணிகர்மீதுதான் சுமத்துகிறது. அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் அவற்றைப் பாதுகாக்கவும் வேண்டும். கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர்.

விற்ற அன்றே, விற்ற விலைக்கே

உங்கள் நோட்டில் 12ஆம் தேதி "போன் – 4,425" என்று ஒரே வரி இருக்கிறது. வங்கி நகலில் 14ஆம் தேதி 12,921 ரூபாய் வந்திருக்கிறது. அதற்கு எதிரே நோட்டில் எதுவும் இல்லை. பில் தொகையோ 17,700. இந்த மூன்று எண்களும் ஒரே விற்பனையைச் சேர்ந்தவை. போனின் விலை 15,000, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 2,700. வாடிக்கையாளர் முன்பணமாக 4,425 கொடுத்தார். மீதி 13,275 ரூபாயை நிதி நிறுவனம் உங்களுக்குத் தர வேண்டும். அது தன் கட்டணமாக 300 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி. 54 ரூபாயும் பிடித்துக்கொண்டு 12,921 அனுப்பியிருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே பற்றும் (டெபிட்) வரவும் (கிரெடிட்) உங்களுக்குப் புதியவை அல்ல. 12ஆம் தேதி ரொக்கத்தில் 4,425 பற்று, நிதி நிறுவனத்தின் பெயரில் 13,275 பற்று. விற்பனையில் 15,000 வரவு, மத்திய ஜி.எஸ்.டி. 1,350 வரவு, மாநில ஜி.எஸ்.டி. 1,350 வரவு. 14ஆம் தேதி வங்கியில் 12,921 பற்று, நிதிக் கட்டணச் செலவில் 300 பற்று, உள்ளீட்டு வரியில் 54 பற்று. நிதி நிறுவனத்தின் பெயரில் 13,275 வரவு. அவ்வளவுதான். விற்பனை என்பது பொருள் கடையை விட்டுப் போன நாளில், பில் போட்ட முழு விலைக்கு நடந்துவிட்டது. பணம் எப்போது, எவ்வளவு, எந்த வழியாக வந்தது என்பது அதற்குப் பிந்தைய தனி நிகழ்ச்சி. இந்த இரண்டையும் பிரித்து எழுதப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்த 354 ரூபாய்க்கு உங்கள் ஜி.எஸ்.டி. எண் போட்ட பில்லை நிதி நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் 54 ரூபாயை உள்ளீட்டு வரியாக எடுக்க முடியாது.

கார்டில் வாங்குவோருக்கும் இதே முறைதான். வங்கி பிடித்த கட்டணத்தைக் கழித்து வந்த தொகையை விற்பனையாக எழுதாதீர்கள். இதற்கு எதிர்ப்புறமான தவறு ஒன்றும் உங்கள் நோட்டில் இருக்கிறது. தீபாவளிக்கு டி.வி. புக் செய்தவர்கள் கொடுத்த முன்பணத்தை விற்பனையில் சேர்த்துவிட்டீர்கள். பொருள் போகும் வரை அது வாடிக்கையாளருக்கு நீங்கள் தர வேண்டிய பாக்கி. பொருள் விற்பனைக்கான முன்பணத்தின்மீது அப்போதே ஜி.எஸ்.டி. கட்ட வேண்டியதில்லை என்று 2017 நவம்பரிலேயே விலக்குத் தந்துவிட்டார்கள். பழுதுபார்ப்பு சேவை என்பதால் அதற்கு வாங்கும் முன்பணத்துக்கு இந்த விலக்கு கிடையாது.

நூறு ரூபாய் ஸ்கிரீன் கார்டுக்கெல்லாம் பில் போட்டுக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது என்பது சட்டத்துக்கும் தெரியும். 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனையில், வாங்குபவர் பதிவு பெறாதவராக இருந்து பில் கேட்கவும் இல்லை என்றால், தனித்தனி பில் தேவையில்லை. ஆனால் கடை மூடும்போது அன்றைய அத்தகைய விற்பனை முழுவதற்கும் சேர்த்து ஒரே பில் போட்டாக வேண்டும். உங்கள் நோட்டில் "சில்லறை" என்று நீங்கள் எழுதும் வரியை அந்த நாளின் தொகுப்புப் பில்லாக மாற்றிவிடுங்கள்.

யு.பி.ஐ. பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேசையில் இரண்டு கியூஆர் அட்டைகள் இருக்கின்றன, ஒன்று கடைக் கணக்கு, மற்றது கணவரின் சொந்தச் சேமிப்புக் கணக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். சேமிப்புக் கணக்கில் விழுவது கண்ணுக்குத் தெரியாது என்று நினைப்பது தவறு. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யு.பி.ஐ. வரவுகளை வைத்துச் சிறு வணிகர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கும். பயந்துபோய்ப் பலர் யு.பி.ஐ. அட்டையையே எடுத்துவிட்டு ரொக்கம் கேட்டார்கள், அது தீர்வாகாது. வந்த பணம் எல்லாமே விற்பனை ஆகிவிடாது என்பது உண்மைதான். ஆனால் சீட்டுப் பணமும், தம்பி திருப்பித் தந்த கைமாற்றும், மிக்ஸி விற்ற பணமும் ஒரே சேமிப்புக் கணக்கில் கலந்து கிடந்தால், எது எதுவென்று விளக்கும் சுமை உங்கள்மீது விழும். அந்த இரண்டாவது அட்டையை இன்றே எடுத்துவிடுங்கள்.

பழைய டி.வி.யும் இலவச மிக்ஸியும்

14,160 ரூபாய் டி.வி.யை, வாடிக்கையாளரின் பழைய டி.வி.க்கு 1,160 கழித்து, 13,000 ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறீர்கள். 13,000 என்று பில் போட்டு, அதற்குள்ளேயே வரியைக் கணக்கிட்டிருக்கிறீர்கள். இது சரியல்ல. ஜி.எஸ்.டி. விதிகளில் 27ஆம் விதி இதற்காகவே ஒரு போனை எடுத்துக்காட்டாகச் சொல்கிறது: பழைய போனை வாங்கிக்கொண்டு புதிய போனை 20,000 ரூபாய்க்குக் கொடுத்து, பழையதைத் தராதவருக்கு அதே போனின் விலை 24,000 என்றிருந்தால், வரிக்குரிய மதிப்பு 24,000தான். பழைய பொருளும் பணத்தைப் போலவே விலையின் ஒரு பகுதியாக வந்திருக்கிறது. ஆகவே விற்பனை 12,000, வரி 2,160. நீங்கள் போட்ட பில்லில் வரி 1,983 ரூபாய்தான் வருகிறது. ஒரு டி.வி.க்கு 177 ரூபாய் வித்தியாசம் சிறிதாகத் தெரியலாம். பண்டிகை மாதத்தில் முப்பது எக்ஸ்சேஞ்ச் நடந்தால் குறைவாகக் கட்டிய வரியும், அதன்மேல் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் சேரும்.

அந்தப் பழைய டி.வி. 1,160 ரூபாய்க் கொள்முதல். அதற்கென ஒரு தனிப் பக்கம் ஒதுக்கி, கொடுத்தவர் பெயர், கையெழுத்து, பொருளின் வரிசை எண் ஆகியவற்றை எழுதுங்கள். பழைய போன் என்றால் ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்த பிறகே எடுங்கள். திருட்டுப் போன் கடைக்குள் வந்துவிட்டால் வரும் தொல்லை வரியோடு நிற்காது. பழைய டி.வி.யை அப்படியே 1,500க்கு விற்றால், இடைப்பட்ட 340 ரூபாய்க்கு மட்டும் வரி கட்டும் வசதி 32ஆம் விதியில் இருக்கிறது. அதன் கொள்முதலில் உள்ளீட்டு வரி எடுத்திருக்கக் கூடாது என்பதே அதற்கு நிபந்தனை.

இனி மிக்ஸி. பத்து மிக்ஸி வாங்கினால் ஒன்று இலவசம் என்ற ஸ்கீமில் பதினொன்று வந்தன. பில்லில் பத்துக்கு 2,200 வீதம் வரி நீங்கலாக 22,000. விலை இல்லாத பதினொன்றாவது மிக்ஸியை நீங்கள் எங்கும் எழுதவில்லை. உண்மையில் அதற்கும் விலை உண்டு: 22,000 ரூபாய்க்குப் பதினொரு மிக்ஸி வாங்கியிருக்கிறீர்கள், ஒன்றின் அடக்கம் 2,000. சரக்கேட்டில் பதினொன்று என்றே ஏற்றுங்கள். அந்த மிக்ஸியை நாத்தனார் மகள் திருமணத்துக்குச் சீராகக் கொடுத்ததாக எழுதியிருந்தீர்கள். கொடுத்ததில் தவறில்லை. ஆனால் பரிசாகக் கொடுத்த பொருளுக்கும், சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்த பொருளுக்கும் உள்ளீட்டு வரி கிடையாது என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. எனவே அதற்குரிய 360 ரூபாயைத் திருப்பி, மொத்தம் 2,360 ரூபாயை, உரிமையாளர் சொந்தத் தேவைக்கு எடுப்பதைக் காட்டும் எடுப்புக் கணக்கில் எழுத வேண்டும். கல்லாவிலிருந்து மளிகைக்கு எடுக்கும் பணத்தையும் இதே எடுப்புக் கணக்கில்தான் எழுத வேண்டும். நீங்கள் அதைக் "கடைச் செலவு" என்று எழுதிவருகிறீர்கள்.

டார்கெட் முடித்ததற்கு டிஸ்ட்ரிபியூட்டர் தரும் கிரெடிட் நோட்டில் (நீங்கள் தர வேண்டிய தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) ஜி.எஸ்.டி. காட்டியிருக்கிறதா என்று பாருங்கள். 5,000 ரூபாயும் வரி 900 ரூபாயும் என்று இருந்தால் அந்த 900 ரூபாய் உள்ளீட்டு வரியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வரி காட்டாமல் 5,000 மட்டும் இருந்தால் உள்ளீட்டு வரியைத் தொட வேண்டாம். பெற்ற தள்ளுபடி என்று வருமானத்தில் எழுதிவிடலாம்.

லாபம் எங்கே போனது

உங்கள் ஆடிட்டர் சொன்ன 41,000 பொய்யில்லை. வளையல் அடகுக்குப் போனதும் உண்மை. நீங்கள் அனுப்பிய தாள்களைக் கொண்டு நான் கூட்டிப் பார்த்ததைச் சொல்கிறேன். மாதத் தொடக்கத்தில் கல்லாவிலும் வங்கியிலும் சேர்த்து 52,000 இருந்தது. லாபம் 41,000. அதில் 30,000 இன்னும் கைக்கு வரவில்லை; விற்றுவிட்டோம், பணம் பாக்கி. தீபாவளிக்காகச் சரக்கு இருப்பை 60,000 ரூபாய் கூட்டியிருக்கிறீர்கள். அதில் 35,000 ரூபாய்க்கு டிஸ்ட்ரிபியூட்டர்கள் கடன் கொடுத்திருக்கிறார்கள். கடைக் கடனின் தவணையில் வட்டி போக அசலாக 9,000 போயிருக்கிறது. அசல் செலவு ஆகாது, லாபத்தைக் குறைக்காது. ஆனால் பணத்தைக் குறைக்கும். வீட்டுக்கு எடுத்தது 22,000. கூட்டிக் கழித்தால் பணம் 45,000 குறைந்திருக்கிறது. மாதக் கடைசியில் மிச்சம் 7,000, வாடகையோ 12,000.

லாபம் எங்கும் மறைந்துவிடவில்லை. அது உங்கள் அலமாரியில் அட்டைப்பெட்டிகளாகவும், நிதி நிறுவனத்திடமும் தெரிந்தவர்களிடமும் பாக்கியாகவும் உட்கார்ந்திருக்கிறது. இது மாதத்தின் இருபதாம் தேதியே உங்களுக்குத் தெரிந்திருந்தால் கடைசி லோடு டி.வி.யைப் பத்து நாள் தள்ளிப் போட்டிருக்கலாம், வளையலைத் தொட்டிருக்க வேண்டாம். மாதக் கணக்கை நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். வரி அதற்கு அடுத்த காரணம்.

காம்பொசிஷன் யோசனை

ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருப்பதால் உங்களுக்கு இந்த முறைக்குத் தகுதி உண்டு. விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும் என்பது ஈர்ப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 1 சதவீதத்தை வாடிக்கையாளரிடம் வாங்க முடியாது, கொள்முதலில் கொடுத்த 18 சதவீதமும் திரும்பாது. வரி நீங்கலாக 10,000 ரூபாய்க்கு வாங்கும் பொருளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதை வரியோடு 12,272க்கு விற்றால் இப்போதைய முறையில் லாபம் 400. காம்பொசிஷனில் ஏறக்குறைய 349. அதே பொருளை 12,744க்கு விற்க முடிந்தால் இப்போது லாபம் 800. காம்பொசிஷனில் ஏறக்குறைய 817. அடக்கத்தின்மேல் 7 சதவீத லாபம் என்பதுதான் இரண்டும் சமமாகும் இடம். போனில் அதற்குக் கீழேயும், கவர், சார்ஜரில் அதற்கு வெகு மேலேயும் நீங்கள் இருப்பீர்கள். எதில் எவ்வளவு விற்கிறீர்கள் என்று வகைவாரியாக விற்பனை எழுதாதவரை இந்த முடிவை யாராலும் சரியாக எடுக்க முடியாது. மாறும் நாளில் கையிருப்புச் சரக்கின் உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதையும், வெளிமாநில விற்பனை செய்ய முடியாது என்பதையும், பில்லில் வரி காட்ட முடியாததால் பள்ளிகள், அலுவலகங்களுக்கு விற்கும்போது சிரமம் வரலாம் என்பதையும் எடைபோடுங்கள். நிதியாண்டு தொடங்கும் முன்பே தெரிவித்தால்தான் மாற முடியும். ஆகவே மார்ச் வரை வகைவாரியாக எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்பதே என் கருத்து.

ஆடிட்டரிடம் கேட்க வேண்டியவை

கட்டட உரிமையாளர் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத பெரியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். 2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெறாதவரிடமிருந்து கடையை வாடகைக்கு எடுத்திருக்கும் பதிவு பெற்ற வணிகர், வாடகைக்கான 18 சதவீத வரியைத் தாமே கட்ட வேண்டும். உங்களுக்கு மாதம் 2,160 ரூபாய். இதைப் பணமாகக் கட்டி, உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதால் இறுதியில் பெரிய நஷ்டமில்லை. கட்டாமல் விட்டால் வட்டி வரும். உங்கள் தாள்களில் இது கண்ணில் படவில்லை. முதலில் இதைக் கேளுங்கள்.

அடுத்து, 14ஆம் தேதி வெளியாகும் ஜி.எஸ்.டி.ஆர். 2பி அறிக்கையின் (உங்களுக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களின் பட்டியல்) நகலை மாதந்தோறும் கேட்டு வாங்கி, உங்கள் கொள்முதல் பில்களோடு ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் தம் அறிக்கையில் காட்டாத பில்லுக்கு உங்களுக்கு வரி வரவு கிடைக்காது. 20ஆம் தேதிக்குள் மாத வரி அறிக்கையான 3பி தாக்கல் செய்ய வேண்டியிருப்பதால், அவரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்க உங்களுக்கு ஆறு நாள்தான் இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்கு 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த வரியை வட்டியோடு திருப்ப வேண்டும் என்பதால், பழைய பாக்கிகளைத் தேதிவாரியாகப் பட்டியலிட்டு வையுங்கள். நோட்டில் ஒருவருக்கு ஒரே நாளில் 25,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்திருப்பதையும் பார்த்தேன். ஒரு நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால், கணக்குப்படி லாபம் காட்டி வருமான வரி கட்டுபவருக்கு அதைச் செலவாக ஏற்க மாட்டார்கள். இனி வங்கி வழியாகவே கொடுங்கள்.

புதிய முறையைத் தொடங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கடையை அடைத்துவிட்டு இருவரும் சேர்ந்து சரக்கை எண்ணுங்கள், போன்களை ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு, டி.வி.க்களை வரிசை எண்ணோடு எழுதுங்கள். அன்றைய கல்லா, வங்கி, வர வேண்டியது, தர வேண்டியது ஆகியவற்றைச் சேர்த்தால் தொடக்க இருப்பு கிடைத்துவிடும். டாலி கணக்கு மென்பொருள் வாங்குவது பிறகு இருக்கட்டும். மூன்று மாதம் கையால் எழுதிப் பழகுங்கள். உங்கள் கணவரையும் மாதம் ஒரு முறை உடன் உட்காரச் சொல்லுங்கள், கையெழுத்திடுபவர் அவர்தானே.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த மாதத்தில் நான்கு இ.எம்.ஐ. விற்பனைக்கு பில் நகல் அனுப்பியிருக்கிறீர்கள். வங்கியில் மூன்றுக்குத்தான் பணம் வந்திருக்கிறது. 26ஆம் தேதி 28,320 ரூபாய்க்கு விற்ற டி.வி.க்கு முன்பணம் 7,080 வாங்கியிருக்கிறீர்கள். மீதி 21,240 ரூபாய் வந்ததாக நீங்கள் அனுப்பிய தாளில் எங்கும் இல்லை. மாதக் கடைசி என்பதால் அடுத்த மாதத்தில் வந்திருக்கலாம். அந்தப் பில்லையும் அடுத்த மாத வங்கி நகலையும் எடுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் நாளைக் காலையிலேயே நிதி நிறுவனத்தின் ஆளை அழைத்து, டெலிவரி தந்த சான்றைக் காட்டிக் கேளுங்கள்.